அக்கா வாங்கிய மார்க்

பேச்சிக்குப் பரீட்சை வந்தால் அன்று காலையில் அவள் வீட்டில் இரண்டு இலை விழும். ஒன்று பேச்சிக்கு. மற்றது அவளுடைய அக்காள் ஸ்வர்ணலதாவுக்கு. ஸ்வர்ணலதா, பேச்சி பிறப்பதற்கு ஒன்றேகால் வருஷம் முன்னாலேயே செத்துப்போனவள்.

ஆனால் காகிதத்தில் பார்த்தால் பரீட்சை எழுதுகிறவள் ஸ்வர்ணலதாதான். பேச்சி என்று ஒருத்தி உலகத்தில் எந்தக் காகிதத்திலும் கிடையாது.

அது நேர்ந்த விதம் இப்படி. பேச்சியின் அப்பா அழகர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையாளத்து மட்டாஞ்சேரிக்கு வந்து, பஜார் ரோட்டில் மிளகு மூட்டைக்குக் கைவண்டி இழுத்தவர். ஐம்பத்தேழாம் வருஷம் மே மாதம் ஆஸ்பத்திரியில் மூத்தவள் பிறந்தபோது, ஒரு நர்ஸம்மா சொன்ன பெயரையே வைத்து, முனிசிபாலிட்டியில் எழுதி, முத்திரை குத்திய சர்ட்டிபிகேட்டும் வாங்கினார். அவர் பேரில் ஒரு சர்க்கார் காகிதம் வந்தது அதுதான் முதல் தடவை. கிடங்கில் எல்லோரிடமும் காட்டினார். பதினோராம் மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது.

அவர் மனைவி மாயம்மாள் அழுது முடித்துவிட்டு ஒன்று சொன்னாள். "பேரை எழுதி வச்சதாலதான் போனா. எழுதினா எமனுக்கு விலாசம் குடுத்த மாதிரி."

அதனால் இரண்டாவதை எங்கேயும் எழுதவில்லை. வீட்டிலேயே பிரசவம். பேச்சியம்மன் பெயரை வாயால் கூப்பிட்டார்களே தவிர, எந்தப் புத்தகத்திலும் ஏற்றவில்லை. ரேஷன் கார்டில் ஸ்வர்ணலதா என்று இருந்ததை அடிக்கவும் இல்லை. செத்ததையும் யாரும் போய்ச் சொல்லவில்லை.

அறுபத்து நாலு ஜூனில் பேச்சியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அவளுக்கு ஐந்து வயது ஆகவில்லை. காகிதம் கேட்டார்கள். அழகர் தகரப் பெட்டியில் இருந்த ஒரே காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினார். ஹெட்மாஸ்டர் பார்த்துவிட்டு, "ஏழு வயசாச்சே, இப்பத்தானா கொண்டு வர்றது?" என்று கடிந்துகொண்டு எழுதிவிட்டார். அழகருக்கு எழுத்துத் தெரியாது. ஸ்வர்ணலதா என்று உரக்கப் படித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். கிடைத்த இடம் போய்விடுமோ என்ற பயத்தில் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் சொன்னதும் மாயம்மாள் நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, "நல்லதாப் போச்சு. எமன் தேடி வந்தா பேப்பர்ல இருக்கறவளைத்தானே கேப்பான்? அவ ஏற்கெனவே அங்கதான இருக்கா" என்றாள்.

அந்த வருஷக் கடைசிப் பரீட்சையன்றுதான் முதன்முதலாக இரண்டாவது இலை விழுந்தது. "படிக்கறது அவ பேர்லதானே? பசியோட அனுப்பலாமா?" என்றாள் மாயம்மாள். பேச்சிக்கு அது விநோதமாகவே படவில்லை. சில வீடுகளில் பரீட்சையன்று தயிர் கொடுப்பார்கள். நம் வீட்டில் அக்காவுக்கு இலை போடுவார்கள் என்றே வளர்ந்தாள். அவள் கிளம்பிப் போன பிறகு அந்த இலையில் இருந்தது என்ன ஆகிறது என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

எழுபத்து நாலில் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். அறுநூற்றுக்கு இருநூற்று முப்பத்தெட்டு. கல்லூரிக்குப் போக வழியில்லை. அம்மாவோடு சுக்கு முற்றத்தில் உட்கார்ந்தாள். சுண்ணாம்பில் வெளுத்த சுக்கைப் பெரிது, சிறிது, சொத்தை என்று பிரிக்கிற வேலை. மாலையில் வீட்டுக்கு வந்தால் புருவம்கூட வெள்ளையாக இருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து அவள் காதில் விழுந்தது ராமபத்ரன் சாரின் பாரலல் காலேஜ், கல்லூரியில் சேர முடியாதவர்களுக்கு ப்ரீ டிகிரி சொல்லிக்கொடுக்கிற இடம். காலேஜ் என்றால் மிளகுக் கிடங்கின் மாடியில் நீளமான ஓர் அறை, ஆறு பெஞ்சு, ஒரு கரும்பலகை. கீழிருந்து வரும் மிளகு நெடியில் புதிதாக வருகிறவர்கள் ஒரு வாரம் தும்முவார்கள். மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடியும். சார் பாலக்காட்டுக்காரர். முதல் நாள் அவர் சொன்னதைப் பேச்சி பிறகு பல தடவை நினைத்துக்கொள்வாள்.

"ப்ரீ டிகிரிங்கறது ஒரு பெரிய பலாப்பழமாக்கும், கேட்டியா? காலேஜ் குட்டிகள் முழுசா முழுங்கணும். நமக்கு அது வேண்டாம். பிரைவட்டா ரெஜிஸ்டர் பண்ணினா சொளை சொளையாத் திங்கலாம். பார்ட் ஒண்ணு இங்கிலீஷ், பார்ட் ரெண்டு மலையாளம், பார்ட் மூணு பாக்கி விஷயம். எது தேறித்தோ அது தேறினதுதான், யாரும் பிடுங்க மாட்டா. போனதை மட்டும் திருப்பி எழுது. ஏப்ரல் இல்லேன்னா செப்டம்பர். செப்டம்பர் இல்லேன்னா அடுத்த ஏப்ரல்."

"எத்தனை வருஷம் வரைக்கும் சார்?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்த கமலாக்ஷி. பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்க்காரி. தோப்பும்படியில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. அவள் வந்தால் வாடை முன்னால் வரும். அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

"உசிர் இருக்கற வரைக்கும்" என்றார் சார்.

வகுப்பு சிரித்தது. பேச்சிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

எழுபத்தேழு ஜூலையில், மழை விடாமல் கொட்டிய நாட்களில், பேச்சிக்கு மஞ்சள்காமாலை வந்தது. பதினோரு நாள் பாயில் கிடந்தாள். கீழாநெல்லியும் மோரும் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. பன்னிரண்டாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். சாரிடம் மன்னிப்புக் கேட்க நின்றாள்.

"சார், பதினோரு நாள் வரமுடியல. சொல்லி அனுப்பவும் ஆளில்ல."

சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "எந்தப் பதினோரு நாள்?"

ஆஜர்ப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அந்தப் புத்தகத்துக்கு யுனிவர்சிட்டியில் ஒரு மதிப்பும் கிடையாது. ஆனாலும் சார் தினமும் பெயர் கூப்பிட்டுக் குறிக்கிறவர். ஸ்வர்ணலதா என்ற பெயருக்கு நேரே பதினோரு கட்டத்திலும் குறி இருந்தது. ஒன்றுகூடக் காலியில்லை.

"தப்பாப் போட்டிருப்பீங்க சார்."

"நான் பேரைக் கூப்பிட்டேன், நீ ஆஜர்னே. ஜன்னலோரம் உக்காந்திருந்தே. உடம்பு சரியில்லையோன்னு நெனைச்சேன், ஒரு வார்த்தை பேசலை."

பேச்சி கமலாக்ஷியை இழுத்துக்கொண்டு படியிறங்கி வந்து கேட்டாள்.

"எடீ, என்னைக் களியாக்கறியா நீ, கிண்டலா?" என்றாள் கமலாக்ஷி. "தெவசமும், ஒரு நாள் விடாம, வந்தியே. நான் நாலு தடவை கூப்பிட்டேன், வாயைத் திறந்து மிண்டவே இல்ல. எனக்கு நல்ல தேஷ்யம், கோபம் கோபமா வந்தது. இறால் நாத்தம் பிடிக்கலை போலன்னு விட்டுட்டேன்." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக நிறுத்தினாள். "ஆனா ஒண்ணுடி. நாங்க எல்லாம் மழையில நனைஞ்ச கோழி மாதிரி வந்து பிழிஞ்சிட்டிருந்தோம். நீ மாத்திரம் ஒரு பொட்டு ஈரம் இல்லாம இருந்தே. குடை வாங்கினயான்னு கேக்கணும்னு நெனைச்சேன்."

பேச்சியிடம் குடை கிடையாது.

அடுத்த சனிக்கிழமை சார் ஒரு டெஸ்ட் வைத்தார். கேள்விகள் எல்லாம் அந்தப் பதினோரு நாளில் நடத்தியவை. பேச்சி பேனாவை எடுத்தாள், பதில் வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கு ஐந்து காரணமும் வரிசையாக வந்தன. எங்கே படித்தோம், யார் சொல்லக் கேட்டோம் என்று நினைவைத் துழாவினாள். பாயும், மோரும், கூரையில் மழைச் சத்தமும்தான் தட்டுப்பட்டன. டெஸ்டில் அவள்தான் முதல். சார் கைதட்டச் சொன்னார். கை தட்டும் சத்தத்தில் அவள் ஜன்னலோர பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டில் சொன்னாள். அரிசி களைந்துகொண்டிருந்த மாயம்மாளின் கை நிற்கவில்லை. "நீ சொகமில்லாமக் கெடந்தே. அவ பேர்ல கட்டின பீஸு. அவ போயிட்டு வந்திருப்பா" என்றாள், கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு பேச்சிக்குப் படிப்பில் இருந்த சுகம் போயிற்று. முன்பெல்லாம் ஒரு பாடம் புரிந்தால் சந்தோஷம். இப்போது புரிந்த உடனே சந்தேகம் வந்தது. இது எனக்குப் புரிந்ததா? சிரமப்பட்டு, முட்டி மோதித் தெரிந்துகொண்டதில் பயமில்லை. சுலபமாக வந்து நின்றதுதான் பயமாக இருந்தது. சுக்கு பிரிப்பதுபோல மனசுக்குள் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தாள்: இது நான் படித்தது, இது தெரியவில்லை, இது நிச்சயமாக நான் இல்லை.

எழுபத்தெட்டு ஏப்ரலில் மூன்று பாகமும் எழுதினாள். மலையாளம் மட்டும் தேறியது. செப்டம்பரில் இங்கிலீஷ் மட்டும் எழுதினாள், அதுவும் போயிற்று. தோற்றதற்கு அழுதாளே ஒழிய, அந்த அழுகையில் ஓர் ஆறுதலும் இருந்தது. சரி, இவை என் தோல்விகள்.

எழுபத்தொன்பது ஏப்ரலில் இங்கிலீஷை மறுபடி எழுதப் படகேறி எர்ணாகுளம் போனாள். கேள்வித்தாளைப் பார்த்ததும் தலை காலியாகிவிட்டது. இரண்டு கேள்விக்கு ஏதோ எழுதினாள். மீதிப் பக்கங்கள் வெள்ளை. அரை மணி முன்னதாகவே கொடுத்துவிட்டுப் படகு ஜெட்டிக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். இதை அன்று மாலையே சாரிடம் மறைக்காமல் சொன்னாள்.

ஜூலையில் மார்க் லிஸ்ட் வந்தது. இங்கிலீஷ், நூற்றுக்கு அறுபத்தொன்று.

சார் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ரெண்டு கேள்வின்னுதானே சொன்னே?"

"ஆமா சார்."

"ரெண்டு கேள்விக்கு இத்தனை மார்க் எனக்கே போட மாட்டானேடி, கொழந்தே." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அன்றுதான் பேச்சி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்: சர்ட்டிபிகேட், பதினோராம் மாதக் காய்ச்சல், இரண்டு இலை. சார் வெகு நேரம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"பேரு தப்பா ஏறிப்போறது ஊர்ல நெறைய நடக்கறதாக்கும்" என்றார் கடைசியில். "மத்ததை நான் கேக்கலை. நீ இப்ப என்ன பண்ணணும்ங்கறே?"

"நானா ஒண்ணு பாஸாகணும் சார். என் பேர்ல."

"வழி உண்டு. பதினேழு கழிஞ்சவா பள்ளிக்கூடம் போகாமலே நேரா எஸ்.எஸ்.எல்.சி. எழுதலாம். அபிடவிட், டாக்டரோட வயசு சர்ட்டிபிகேட், நான் ஒரு கையெழுத்து. ஆனா நன்னா யோசிச்சுக்கோ. இப்ப கைவசம் இருக்கற எஸ்.எஸ்.எல்.சி., பார்ட் ஒண்ணு, பார்ட் ரெண்டு ஒண்ணும் கூட வராது. அதெல்லாம் ஸ்வர்ணலதாவோடது. நோக்குப் பூஜ்யம். பத்தாங்கிளாஸ்லேர்ந்து ஆரம்பம்."

பேச்சி தலையாட்டினாள். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பார்ட் மூன்றுக்குச் செப்டம்பர் பீஸ் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. ஹால் டிக்கெட் வந்தது. அந்த மூன்று பரீட்சை நாளிலும் அவள் எர்ணாகுளம் போகப் போவதில்லை. சுக்கு முற்றத்தில் நாலு பேர் கண்முன்னால் உட்கார்ந்திருக்கப் போகிறாள்.

அப்படியே செய்தாள். முதல் நாள் காலை, அம்மா இலை போடுமுன்பே ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பினாள். ஹால் டிக்கெட்டை அலமாரியிலேயே விட்டுவிட்டாள். கிடங்கில் மேற்பார்வை பார்க்கும் மூப்பனிடம் போய், வருகை குறிக்கும் மஸ்டர் ரோலில் கட்டைவிரலை அழுத்தி வைத்தாள்.

"கையெழுத்துப் போடறவளுக்கு இன்னைக்கு என்ன விரல்?" என்றார் மூப்பன்.

"விரலே இருக்கட்டும் மூப்பா. பேருக்கு ரெண்டு பேர் இருக்கலாம், விரல் ஒருத்திக்குத்தான்."

"படிச்சுப் படிச்சு இவளுக்குக் கிறுக்காயிட்டுது" என்று மூப்பன் மற்ற பெண்களிடம் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். பேச்சி எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் குடிக்கப் போகும்போதுகூட ஒருத்தியைத் துணைக்குக் கூட்டிப் போனாள். பரீட்சை மணி அடிக்கிற நேரத்துக்குக் காயலைப் பார்த்தாள். எர்ணாகுளம் படகு போய்க்கொண்டிருந்தது. அதில் ஜன்னலோரம் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கத் துணிச்சல் வரவில்லை. மூன்று நாளும் இப்படி.

ஜனவரியில் பத்திரிகையில் தேறினவர்களின் எண்கள் வந்தன. கமலாக்ஷிதான் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு சுக்கு முற்றத்துக்கே ஓடிவந்தாள். "எடீ ஜயிச்சுட்டே! சாயா வாங்கிக் குடுடி!"

பேச்சி எண்ணைப் பார்த்தாள். அச்சுப்பிழை என்று சொல்லிக்கொண்டாள். பத்து நாளில் ரெஜிஸ்டர் தபாலில் மார்க் லிஸ்ட் வந்தது. சரித்திரம் எழுபத்தேழு. பொருளாதாரம் எண்பத்தொன்று. அரசியல் அறுபத்தெட்டு. வரவில்லை என்று எங்கேயும் குறிப்பில்லை. ப்ரீ டிகிரி முழுக்கத் தேறியாயிற்று.

மாயம்மாள் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எம் மவ பாஸாயிட்டா" என்றாள். எந்த மகள் என்பதில் பேச்சிக்குச் சந்தேகம் இல்லை.

"அம்மா, நான் பரீட்சைக்கே போகல. மூணு நாளும் உன் பக்கத்துலதான் சுக்கு பொறுக்கிட்டு இருந்தேன்."

"தெரியும்."

"பிறகு?"

"நீ சாப்பிடாமப் போன. அவ சாப்பிட்டுட்டுப் போனா." மாயம்மாள் காகிதத்தின் மடிப்பை நீவிக்கொண்டே சொன்னாள். "மூணு நாளும் இலை வழிச்ச மாதிரி இருந்துச்சு. ஒத்தைப் பருக்கை இல்ல."

அழகருக்கு இந்த விஷயத்தில் எல்லாம் பேச்சில்லை. அவருக்கு வேறு சங்கதி தெரிந்திருந்தது. வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் டெலிபோனில் உட்கார ப்ரீ டிகிரி தேறிய பெண் வேண்டும் என்று மூப்பனுடைய மச்சினன் சொல்லியிருந்தான். காற்றாடிக்குக் கீழே நாற்காலி. காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும்.

"அப்பா, அது என் காகிதம் இல்ல."

"உனக்கென்ன கிறுக்கா? பதிமூணு வருசம் பையைத் தூக்கிட்டுப் போனது யாரு?"

"பையை நான்தான் தூக்கினேன். எழுதினது எதெல்லாம் நான்னு எனக்கே தெரியலப்பா. அங்க போய் உக்காந்து, போன் அடிச்சா ஸ்வர்ணலதான்னு சொல்லி எடுக்கணும். எடுக்கறது யாருன்னு நான் தெனமும் கேட்டுக்கிட்டு இருக்கணும்."

அழகர் கோபத்தில் எழுந்தார். வாசல்வரை போனவர் நின்றார். திரும்பாமலே, "அன்னைக்கு எனக்கு எழுத்துத் தெரிஞ்சிருந்தா கொண்டுபோன காகிதத்தைத் திருப்பிக் கொண்டு வந்திருப்பேன்" என்றார். பேச்சி அவர் முதுகைப் பார்த்தாள். அவர் மேல் அவளுக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அபிடவிட்டில் பெயரை எழுதிய அன்று மாயம்மாள் போட்ட கூச்சல் சந்து முழுக்கக் கேட்டது. "எழுதிட்டியா? இருபத்தோரு வருசமா ஒளிச்சு வச்சிருந்தேனேடி! நீயே வாசலைத் திறந்து விட்டுட்டியே!" அன்றிலிருந்து அவள் பேச்சியிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். யாராவது கதவைத் தட்டினால் தானே முதலில் போய்த் திறப்பாள். வந்திருப்பது யார் என்று பார்த்த பிறகுதான் வழி விடுவாள்.

எண்பத்தொன்று மார்ச். பேச்சி என்ற பெயரில் ஹால் டிக்கெட். வீட்டில் அன்று அடுப்பே மூட்டவில்லை. மாயம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பேச்சி கடையில் சாயாவும் ஒரு பழம்பொரியும் சாப்பிட்டுவிட்டுப் போனாள். ஹாலில் சுற்றிலும் பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகள். பெயர் கூப்பிட்டபோது அவள் குரல் மற்றவர்களைவிட உரக்க வந்துவிட்டது. பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பேச்சிக்கும் சிரிப்பு வந்தது.

மொழிப் பரீட்சைகள் சுமாராகப் போயின. கணக்கன்று, அவள் ஏழாவது கேள்வியை வைத்துக்கொண்டு போராடினாள். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி, அதிலிருந்து இரண்டு தொடுகோடு, இரண்டும் சம நீளம் என்று நிறுவ வேண்டும். எட்டு மார்க். இரண்டு தடவை படம் போட்டாள், ஒன்றும் பிடிபடவில்லை. விட்டுவிட்டு எட்டாவதைப் படிக்கத் தொடங்கினாள். மின்விசிறிக் காற்றில் பேப்பர் படபடத்தது. அழுத்திப் பிடிக்கக் குனிந்தபோது, படத்துக்குக் கீழே ஐந்து வரி இருந்தது.

அவள் கையெழுத்துதான். அவள் போடுகிற மாதிரியே வளைந்த எழுத்து. மை காயவில்லை. விரல் பட்டுக் கடைசி வரி லேசாக இழுபட்டது. ஐந்து வரியும் படிப்படியாக, ஓர் அடித்தல் இல்லாமல், முடிவுவரை போயிருந்தன. பேச்சி தன் பேனாவைப் பார்த்தாள். மூடி போட்டு மேஜையில் கிடந்தது. எப்போது மூடினோம் என்று நினைவில்லை.

நானே எழுதிவிட்டு மறந்திருப்பேனா? பரீட்சைப் பதற்றத்தில் அப்படி ஆகும் என்று சொல்வார்களே. விட்டுவிட்டால் எட்டு மார்க். யார் வந்து கேட்கப் போகிறார்கள்? அவளுடைய வலது பக்கத்து பெஞ்சு காலியாக இருந்தது. அந்த எண்ணுக்கு உரியவர் வரவில்லை. அந்தப் பக்கம் பார்க்காமல், "வேண்டாம்க்கா" என்று வாய்க்குள் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா என்று கூப்பிட்டிருந்தாள்.

பேனாவைத் திறந்து, ஐந்து வரிக்கும் குறுக்கே இரண்டு கோடு அழுத்தி இழுத்தாள். பக்கத்தில் தானே முயன்றாள். மூன்றாம் வரியில் நின்றுபோயிற்று. மணி அடித்துவிட்டது.

மே மாதக் கடைசியில் பத்திரிகையில் எண்கள் வந்தன. அவள் எண்ணுக்கு முந்தியது இருந்தது, பிந்தியது இருந்தது. நடுவில் இல்லை. விரலால் மூன்று தடவை தடவிப் பார்த்தாள். மார்க் லிஸ்ட் வந்தபோது அறுநூற்றுக்கு இருநூற்று நாலு. தேறுவதற்கு இருநூற்றுப் பத்து வேண்டும்.

அதை எடுத்துக்கொண்டு மாடியேறினாள். ராமபத்ரன் சார் கேள்வித்தாளை வாங்கி வைத்துக்கொண்டு, எந்தக் கேள்விக்கு என்ன எழுதினாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏழாவது வந்தது. அடித்த ஐந்து வரியை அவள் மறக்கவில்லை. பார்த்துப் படித்ததை ஒப்பிப்பதுபோல் சொன்னாள். சார் விரலால் காற்றில் வட்டம் போட்டுச் சரிபார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"சரியாக்கும்! முழுக்கச் சரி! எட்டு மார்க்கும் கிடைச்சிருக்கும். இருநூத்துப் பன்னெண்டு. எதுக்குடி அடிச்சே?"

"அது நான் போட்டது இல்ல சார்."

சார் கேள்வித்தாளை மடித்துக் கொடுத்தார். அறையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். வகுப்பு தொடங்க நேரம் இருந்தது. ஆறு பெஞ்சும் காலி. ஜன்னலோர பெஞ்சு மேல் அவர் கண் கொஞ்சம் அதிகமாகவே நின்றதாகப் பேச்சிக்குப் பட்டது. பிறகு மேஜை டிராயரிலிருந்து செப்டம்பர் பரீட்சைக்கான விண்ணப்பப் பாரம் ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

பேச்சி அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். "சார், அந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக் குடுங்க. ஒண்ணுமே தெரியாதவளுக்குச் சொல்ற மாதிரி."

சார் எழுந்து பலகையில் ஒரு வட்டம் போட்டார். வெளியே ஒரு புள்ளி வைத்தார். புள்ளியிலிருந்து ஒரு கோடு இழுத்து, வட்டத்தைத் தொட்ட இடத்தில் சாக்குக்கட்டியை நிறுத்திவிட்டு, "ம், இனிமே?" என்றார்.

பேச்சி பலகையைப் பார்த்தாள். ஐந்து வரியையும் வரிசை மாறாமல் ஒப்பித்தவளுக்கு, இந்தக் கோட்டுக்குப் பிறகு ஏன் எந்தக் கோடு வர வேண்டும் என்பது தெரியவில்லை. காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. சட்டென்று மூச்சு விட முடிந்தது.

"தெரியல சார்" என்றாள்.